நான் கிள்ளி எறிந்த வெறுங்காம்புகள்

என் ராசாவுக்கு,

இத்தனை வருடமும் உனக்கு எழுதிய கடிதங்களை நினைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே கடிதம்தான். இங்கே சுகம், மழை விடாமல் பெய்கிறது, வேளைக்குச் சாப்பிடு, அவ்வளவு தூரத்திலிருந்து வந்து அலைய வேண்டாம், உன் வேலையைப் பார். இதில் மழை ஒன்றுதான் முழு உண்மை. அலைய வேண்டாம் என்று எழுதி, உறையை எச்சில் தொட்டு ஒட்டிவிட்டு, அதே கையோடு வாசலுக்கு வந்து வளைவில் பஸ் வருகிறதா என்று பார்த்தவள் நான். இந்தக் கடிதத்தில் அந்த வேஷம் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். நீளமாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பரீட்சைத் தாளைப் பொறுமையாகத் திருத்துகிறாய் அல்லவா, அதே பொறுமையோடு இதையும் படி.

உன் கடிதம் போன வாரம் வந்தது. கூட வேலை பார்க்கும் டீச்சரைத் தை மாதத்தில் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக எழுதியிருந்தாய். படத்தையும் பார்த்தேன். நல்ல முகம், சிரிக்கும்போது கண்ணும் சேர்ந்து சிரிக்கிறது. எனக்கு ரொம்ப சந்தோஷம், இதை வேஷம் என்று நினைக்காதே. எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள், தீபாவளி கழிந்ததும் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்து சாவியை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும் என்று கணக்கு எழுதும் கிராணி சொல்லிவிட்டார் என்று போன தடவை எழுதியிருந்தேன். அதற்கும் நீ ஏற்பாடு செய்திருக்கிறாய். 'சாவியைக் கொடுத்துவிட்டு நேராக இங்கே சரவாக்கிற்கு வந்துவிடுங்கள், விமானம் ஏற்றிவிட ஆள் வருவார்' என்று எழுதியிருக்கிறாய். ஒரு குறையும் இல்லாத ஏற்பாடு. இரண்டு பக்கத்தையும் மூன்று தடவை படித்தேன். நீ இந்த வீட்டுக்கு வருவதாக மட்டும் அதில் ஒரு வரி இல்லை. அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தை முடித்துவிட்டு நீ பஸ் ஏறி நாலு வருடம் ஆகிறது. வீடு கைமாறுவதற்குள் நீ ஒரு தடவை இதற்குள் வர வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் கேட்கும் முன்னால் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த பிஸ்கட் டின்னைப் பற்றி நாம் இருவரும் இன்று வரை பேசியதே இல்லை.

ஈப்போவில், பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவம் சேர்ந்து நீ விடுமுறைக்கு வந்திருந்த முதல் தடவை அது. பள்ளியில் கண்காட்சி வைக்கப் போகிறார்கள், நான் மாலிக்கியூல் செய்து காட்டப் போகிறேன் என்று வந்து நின்றாய். கடையில் விற்கும் சாமான் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் இருந்த மெழுகுவர்த்தி அத்தனையையும் உருக்கினாய். சாமி மாடத்துக் குங்குமத்தைக் கொட்டிச் சிவப்பு உருண்டை பிடித்தாய், அது ஆக்சிஜன். வேட்டிக்குப் போடும் நீலத்தைக் கலந்து நைட்ரஜன். சட்டிக்கரியைச் சுரண்டிக் கார்பன். தோட்டத்தின் பழைய மலையிலிருந்து தேயிலைக் கொட்டை பொறுக்கி வந்து சுண்ணாம்பு பூசி ஹைட்ரஜன் என்றாய். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு உருவி, சூடு ஆறும் முன்னே மெழுகில் குத்தினாய். குங்குமத்தில் கை வைத்ததற்கு நான் உன்னைத் திட்டியது லயம் முழுவதும் கேட்டிருக்கும். ஆனாலும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்பாவும் ஃபாக்டரியிலிருந்து வந்து, கொழுந்து வாட்டும் மாடியின் வாசனையோடு, சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுங்களோட வடிவத்த யாரும் கண்ணால பாத்ததில்லம்மா. ஆனா பாக்காமலே சொல்லிடலாம்” என்றாய். ஜோசியக்காரன் கெட்டான் என்று நான் சிரித்தேன். நீ விடவில்லை.

“நாலு பேரு. ஒருத்தனுக்கு ஒருத்தன் ஆகாது. ஆனா நாலு பேரையும் ஒரே கம்பத்துல, ஒரே நீளக் கயித்துல கட்டியாச்சு. எப்படிம்மா நிப்பாங்க?”

“நம்ம லயத்து ஆளுங்களாடா?”

“யாராவது இருக்கட்டும்லா. நீ சொல்லும்மா.”

“திசைக்கு ஒருத்தனா மொறச்சிக்கிட்டு நிப்பானுங்க.”

“தரையில நின்னா அப்படித்தான். பறக்கத் தெரிஞ்சா?”

நீ கரி உருண்டையில் ஒரு குச்சியை நேர் மேலே நிறுத்தினாய், மற்ற மூன்றையும் கீழ்நோக்கி விரித்தாய். நாலு முனையிலும் கொட்டை. எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அதே மாதிரி நின்றது. மீத்தேன் என்றாய். குச்சி ஒவ்வொன்றும் ஒரு ஜோடி எலக்ட்ரானாம். ஜோடிக்கு ஜோடி ஆகாதாம். எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நின்றுகொள்ளுமாம். அதைப் பிடித்துக்கொண்டால் வடிவம் தானாக வந்துவிடும் என்றாய். அடுத்து கரியமில வாயு. கரி உருண்டைக்கு இடது பக்கம் ஒரு சிவப்பு, வலது பக்கம் ஒரு சிவப்பு. பக்கத்துக்கு இரண்டு குச்சி இருந்தாலும் நிற்கும் பக்கம் இரண்டுதான், அதனால் ஒரே நேர்க்கோடு. அது எனக்குச் சட்டென்று புரிந்தது. புரிந்ததை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருந்தேன், அது என் புத்தி.

நீலத்தையும் அடுத்த சிவப்பையும் கையில் எடுத்து, “இனிமேதான் அம்மா நல்லா இருக்கும். அம்மோனியா, தண்ணி” என்றாய். நான் எழுந்துவிட்டேன். உலை கொதித்துக்கொண்டிருந்தது.

“அஞ்சே நிமிஷம்மா.”

“சோறு கொழஞ்சிடும்டா. அப்புறம் சொல்லு.”

அந்த அப்புறம் வரவில்லை, ராசா. நான் திரும்பி வந்தபோது நீ செய்து முடித்து அலமாரி மேல் காய வைத்துவிட்டாய்.

நீ ஈப்போவுக்குப் புறப்படும் நாள் நான் டின்னில் அடுக்கிக் கொடுத்தேன். நீ குளிக்கப் போயிருந்தாய். நீல உருண்டையில் மூன்று கொட்டையும் மேலே ஒரு வெறுங்குச்சியும் இருந்தன. சிவப்பு உருண்டையில் கொட்டை இரண்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன, மறுபக்கம் இரண்டு குச்சிகள் ஒன்றுமில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தன. மூடி மூடவில்லை. நான் இருபத்தெட்டு வருடம் கொழுந்து கிள்ளியவள். செடிமேல் மூங்கில் கம்பைக் கிடத்தி மட்டம் பார்த்து, கம்புக்கு மேலே எது தலை நீட்டுகிறதோ அதைக் கிள்ளு என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கூடையில் வெறுங்காம்பு ஒன்று கிடந்தால் நிறுவையில் கங்காணி அதை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டுவார். இலையில்லாத காம்பைக் கண்டால் என் விரல் என்னைக் கேட்காது. மூன்று குச்சியையும் கிள்ளி அடுப்பில் போட்டேன். அதோடு விட்டேனா? கரியமில வாயு நேராக நிற்கிறது, அதற்கும் நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, தண்ணீருக்கும் நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, இது மட்டும் ஏன் கோணல், காயும்போது சாய்ந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். அடுப்பருகே சூடு காட்டி, மெழுகு இளகியதும் கொட்டைகளை நேராக்கினேன். கண்ணுக்கு எதிரே பிடித்து மட்டமும் பார்த்தேன். நன்றாக வந்திருந்தது. என் பிள்ளையின் சாமான் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் கோணலாக நிற்கக் கூடாது என்றுதான் செய்தேன். உன்னிடம் சொல்லவில்லை. நீ மேசையில் வைத்துப் பார்க்கும்போது, நேராக இருக்கிறதே, அம்மாவாகத்தான் இருக்கும் என்று நினைப்பாய் என்று எனக்கு ஓர் ஆசை.

நீ டின்னைக் கண்காட்சி மேசையில்தான் திறந்தாய். கரியமில வாயு ஏன் நேர், தண்ணீர் ஏன் கோணல் என்று விளக்க வேண்டும், அதுதான் நீயே தேர்ந்தெடுத்த தலைப்பு. இரண்டும் ஒன்றுபோலக் கிடந்தன. அடுத்த தடவை டின்னோடு வந்தபோது பையை இறக்கும் முன்பே நீ கத்தினாய். “பஸ்ஸுல நசுங்கிடுச்சின்னு சாருகிட்ட பொய் சொன்னேன். வேற என்ன சொல்றது? எங்கம்மா செஞ்சாங்கன்னா? எங்கம்மாவுக்கு ஒன்னும் தெரியாதுன்னா?” அந்தக் கடைசி வாக்கியத்தைத் தவிர வேறு எதுவும் என் காதில் ஏறவில்லை. தப்பு செய்துவிட்டேன், என்ன தப்பு என்று சொல் என்று கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. “வெறுங்காம்புக்கா இந்தக் குதி குதிக்கிற? என் கை பட்டா ஒனக்கு அசிங்கமாயிடுச்சா?” என்று டின்னைப் பிடுங்கி அப்படியே அடுப்பில் கவிழ்த்தேன். மெழுகு. குப்பென்று கூரை வரை எழுந்தது. நீ பின்னால் நகர்ந்தாய். மறுநாள் காலை தாப்பா பஸ்ஸுக்கு நடந்துவிட்டாய். மேசையில் மூடி வைத்த காலைப் பசியாறல் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு நீ என்னிடம் கோபமாக இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். நீ மரியாதையாக இருக்க ஆரம்பித்தாய். கேட்டதற்குப் பதில், சொன்னதற்குச் சரி, விளையாட்டுப் பேச்சே இல்லை. சோற்றில் உப்பு இல்லாவிட்டாலும் நன்றாக இருக்கிறது என்றாய். பினாங்கு பல்கலைக்கழகம் போனாய், அங்கிருந்து கடல் தாண்டிச் சரவாக்கிற்குப் போனாய். விமானத்தில் ஏறும் முன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாய். பெண் பார்க்கப் போன வீட்டில் கும்பிடுகிற மாதிரி இருந்தது. நானும் பிடிவாதக்காரி. நீ விலகி நின்றால் நானும் விலகி நிற்பேன் என்று, வர வேண்டாம், வர வேண்டாம் என்றே எழுதினேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் வேலை முடிந்து கூடையை இறக்கியதும் வளைவைப் பார்ப்பேன். பஸ் திரிங்காப் பக்கம் போகும் காய்கறி லோரிக்கு வழிவிட்டு நிற்கும், இரண்டு பேர் இறங்குவார்கள். அவர்களில் உயரமான ஆள் யாராவது இருந்தால் நாலு அடி முன்னால் போய்விடுவேன். நீ ஈப்போவில் படித்த காலத்துப் பழக்கம். நீ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய் என்று தெரிந்தும் கண் கேட்கவில்லை.

அப்பா தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம், ஒரு மத்தியானம் நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கூப்பிட்டார்.

“புள்ள, அன்னிக்கு நீ கிள்ளிப் போட்டியே குச்சி. விஷயமே அதுலதான் இருந்திச்சி.”

“செத்த பாம்ப இப்ப எதுக்கு அடிக்கிறீங்க?”

“கேளு. அதுவும் ஒரு ஜோடிதான். ஆனா அது முனையில யாரும் இல்ல, புடிச்சி இழுக்க ஆளில்ல. அதனால நடுவுலயே விரிஞ்சி ஒக்காந்துக்குமாம். மத்ததவிட அதுக்குத்தான் எடம் ஜாஸ்தி வேணுமாம். அது தள்ளுற தள்ளுலதான் அந்த ரெண்டு கொட்டையும் சாயுது. கோணல் இல்ல புள்ள, அதான் அதோட வடிவமே.”

லாட்டரி நம்பர் மாதிரி கோணத்தின் எண்களையும் சொன்னார். வெறுங்குச்சி இல்லாவிட்டால் நூற்று ஒன்பதரை, ஒன்று இருந்தால் நூற்று ஏழு, இரண்டு இருந்தால் நூற்று நாலரை. நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

“இதெல்லாம் ஒங்களுக்கு யாரு சொன்னா?”

“நம்ம தம்பிதான். நீ சோறு வடிக்கப் போனியே, அப்ப.”

ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று சண்டை பிடித்தேன், சாகக் கிடக்கிற மனிதரோடு. “ரெண்டு பேரும் தீக்குச்சி, நான் எங்க வாயத் தொறக்கிறது?” என்று சிரித்தார். அதற்குப் பிறகு எட்டு நாள்தான். நீ வந்தாய், கொள்ளி வைத்தாய், காரியம் முடித்தாய். பதினாறு நாளும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று உன் பின்னாலேயே நடந்தேன். நீ நாற்காலியை எடுத்துப் போட்டு உட்காருங்கள் என்றாய். நான் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த நாலு வருடமும் நான் தனியாக இருக்கிறேன். அப்பா போன பிறகு கட்டிலை அகலமாகப் பயன்படுத்தலாம் என்று பக்கத்து வீட்டுக்காரி யோசனை சொன்னாள். இன்றும் சுவரோரம் ஒடுங்கித்தான் படுக்கிறேன். உன் சட்டை மாட்டும் ஆணியில் என் குடையை மாட்டியதில்லை. அரிசி போடும்போது கை ஒரு பிடி அதிகமாகவே அள்ளுகிறது, அடுத்த நாள் பழைய சோறு தின்கிறேன். ஆள் இல்லாத இடம்தான் இந்த வீட்டில் அதிகமாக அடைத்துக்கொண்டு நிற்கிறது, நான் அதற்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறேன். கொழுந்து கிள்ளியவள் பெரிய பேச்சுப் பேசுகிறாள் என்று சிரித்துக்கொள். ஆனால் நீ பள்ளியில் வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம்தான் இது. அதை நான் தாமதமாக, வேறு வழியில் படித்திருக்கிறேன்.

இன்னொன்றும் இப்போது தெரிகிறது. உன் மரியாதையைக் கோபம் என்றே இத்தனை காலம் எடுத்துக்கொண்டேன். அது வெட்கம். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்ன வாயை உன்னால் மன்னிக்க முடியவில்லை, அதனால்தான் அளந்து அளந்து பேசுகிறாய். விட்டுவிடு ராசா. நீ சொன்னது உண்மை, எனக்குத் தெரியாதுதான். தெரியாததில் தப்பில்லை. ஐந்து நிமிடம் உட்காராததும், நெருப்பில் போட்டதும்தான் தப்பு. இரண்டும் என்னுடையவை.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய், அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமே. வீட்டை நேராக வைத்துக்கொள்கிறேன் என்று அந்தப் பெண்ணிடம் உனக்கு வேண்டாதது போலத் தெரிவதை எல்லாம் கிள்ளாதே. அவள் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம், அவள் யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு வருத்தம், பிறந்த வீட்டை நினைத்துச் சன்னலைப் பார்க்கும் பார்வை, எதையும் காலி என்று முடிவு கட்டாதே. என்ன என்று கேள். கேட்டால் மட்டும் போதாது. அவள் சொல்ல ஆரம்பிக்கும்போது உலை கொதித்தாலும் எழுந்துவிடாதே. சோறு குழைந்தால் ஒரு வேளைதான் போகும்.

போன ஞாயிற்றுக்கிழமை மழை விட்ட நேரத்தில் பழைய மலைக்குப் போனேன். இப்போது கத்தரி வைத்து வெட்டுகிறார்கள், கையால் கிள்ளுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஓரத்தில் கவாத்து செய்யாமல் விட்ட செடிகளில் பூவும் காயுமாக இருக்கிறது. நல்ல கொட்டையாக இரண்டு பொறுக்கினேன். மெழுகுவர்த்தி உருக்கினேன். அப்பா போன பிறகு நெற்றியில் வைக்காத குங்குமம் டப்பாவில் அப்படியே இருந்தது, அதைக் கொட்டினேன். சிவப்பு உருண்டை, வெள்ளைக் கொட்டை இரண்டு, வெறுங்குச்சி இரண்டு. அலமாரி மேல் அதே இடத்தில் வைத்திருக்கிறேன். தினமும் தூசி தட்டும்போது விரல் துறுதுறுக்கும், ஆனாலும் அந்தக் குச்சிகளைத் தொடவில்லை. கொட்டைகளை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை. நூற்று நாலரை என்று எண் இருக்கிறது. கோணம் அளக்கும் அந்த அரைவட்டமும் உன் பழைய பென்சில் பெட்டியில் கிடக்கிறது. எங்கே வைத்து எப்படிப் பார்ப்பது என்று பள்ளிக்கூடம் போகும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் காட்டிவிடுவாள். நான் கேட்கவில்லை.

ஆளை அனுப்பாதே. நீ வா. முடிந்தால் அவளையும் அழைத்து வா, தீபாவளியை இந்த வீட்டிலேயே கொண்டாடிவிட்டு, சாவியை நீயே கிராணியிடம் கொடு. பிறகு எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன். அதற்கு முன் ஒரு சாயங்காலம் எனக்கு வேண்டும். அம்மோனியாவிலிருந்து ஆரம்பித்து, அன்று நீ பாதியில் விட்டதை எனக்குச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் சோற்றை முன்னாலேயே வடித்து வைத்துவிடுவேன்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா